அசையாத பணம்

2014 பிப்ரவரியில் நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். வீட்டில் ஒரு தமிழாசிரியை இருந்தால் கல்யாணப் பத்திரிகை வாசகம் முதல் பட்டா மனு வரை எல்லாம் அவளிடம்தான் வந்து சேரும். இது ஆங்கிலக் கடிதம். என் அக்காவின் கணவர் தன் மருமகனுக்கு 21,000 பவுண்டு கொடுத்திருக்கிறார். அது கடன் அல்ல, அன்பளிப்பு. திருப்பிக் கேட்க மாட்டார். மூன்றே வாக்கியங்கள். அத்தான் வாசித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றார். நோட்டரியிடம் முத்திரை வாங்கி மூன்று நகல் எடுத்துக் கொடுத்தேன்.

அந்த மூன்று வாக்கியங்கள் எங்கிருந்து வந்தன என்று தேடப்போய்த்தான் நூறாண்டுக்கு மேற்பட்ட சட்டங்களை வாசிக்க நேர்ந்தது. மணமாகி வரும் பெண்ணிடம் எதைக் காட்டச் சொல்வது என்ற கேள்விக்குப் பிரிட்டன் காலத்துக்கு ஒரு விடை வைத்திருந்தது. என் அக்கா மகள் போன காலத்தில் அந்த விடை, ஆறு மாதம் வங்கியில் அசையாமல் கிடந்த பணம்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2012 ஜூலை 9 முதல், வெளிநாட்டுத் துணையை அழைத்துக்கொள்ள விரும்பும் பிரிட்டிஷ் குடிமகனோ, அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவரோ ஆண்டுக்கு 18,600 பவுண்டு சம்பாதிக்க வேண்டும் என்று விதி வந்தது. விசா தேவைப்படும் ஒரு குழந்தையும் உடன் வந்தால் 22,400. அடுத்த ஒவ்வொரு குழந்தைக்கும் கூடுதலாக 2,400. ஆறு மாதச் சம்பளச் சீட்டு, அதே ஆறு மாதத்துக்கான வங்கிக் கணக்கு விவரம், வேலை கொடுத்தவரின் கடிதம் எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டும். வருமானம் குறைந்தால் சேமிப்பைக் காட்டலாம். ஆனால் சேமிப்பில் முதல் 16,000 பவுண்டு கணக்கில் வராது. அதற்கு மேல், குறையும் தொகையைப் போல் இரண்டரை மடங்கு வைத்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளைக்குக் கிடங்கு ஒன்றில் வேலை. ஆண்டுக்கு 16,600 பவுண்டு. குறைவது 2,000. அதன் இரண்டரை மடங்கு 5,000. அதோடு 16,000 சேர்த்தால் 21,000. அப்போது ஒரு பவுண்டு ஏறக்குறைய 100 ரூபாய். எங்கள் ஊர்க் கணக்கில் 21 லட்சம்.

என் அக்கா மகள் எம்.ஃபில். முடித்து நான்கு ஆண்டுகள் தனியார் கல்லூரியில் வேலை பார்த்தவள். அவள் சம்பளத்தை இதில் சேர்க்க முடியாது. வெளியிலிருந்து வரும் துணை தன் நாட்டில் சம்பாதிப்பது, அது எவ்வளவாக இருந்தாலும், வருமானமாகக் கொள்ளப்படாது. விண்ணப்பத்தில் அவளுடைய நான்காண்டு உழைப்பின் மதிப்பு பூஜ்யம்.

மாப்பிள்ளை வீட்டார் வரதட்சணை கேட்டவர்கள் அல்லர். "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம். விசாவுக்குக் காட்டத்தான். ஆறு மாசம் கணக்குல கிடந்தாப் போதும்" என்றார்கள். ஆற்றோரத்து மூன்று மா நிலம் போனது. மிச்சத்துக்கு அவளுக்கென்று சேர்த்த நகை போனது. நகையாக இருந்தால் அந்த விதிக்கு அது சேமிப்பு அல்ல. விற்றுப் பணமாக்கினால்தான் சேமிப்பு. கடன் வாங்கிய பணமும் சேமிப்பு ஆகாது. ஆகவே அது அன்பளிப்பாக வேண்டும். ஆகவே என் கடிதம்.

பிரிட்டன் எப்போதுமே பணத்தைக் கேட்டதில்லை. 1870ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணின் குடியுரிமையையே கணவனோடு கட்டிப்போட்டது. அந்நியனை மணந்த பிரிட்டிஷ் பெண் அந்நியள் ஆனாள். 1914ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே மறுபடி சொன்னது: பிரிட்டிஷ்காரனின் மனைவி பிரிட்டிஷ்காரி, அந்நியனின் மனைவி அந்நியள். முதல் உலகப் போரின்போது ஜெர்மானியரை மணந்திருந்த, பிரிட்டனிலேயே பிறந்து வளர்ந்த பெண்கள் எதிரி நாட்டவராகப் பதிவு செய்யப்பட்டார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்த பிறகுதான், மணத்தால் குடியுரிமை இழப்பது ஒழிந்தது.

இந்த வரலாற்றில் எங்கள் பகுதிக்கும் ஓர் இடம் உண்டு. அதே பேரரசின் இன்னொரு மூலையான தென்னாப்பிரிக்காவில், ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்கிய இந்தியக் கூலிகள் மீது நேட்டால் அரசு ஆண்டுக்கு 3 பவுண்டு வரி போட்டது. சட்டம் வந்தது 1895இல். ஓர் இடத்தில் தங்கியிருப்பதற்கே கட்டணம். பெண்களும் கட்ட வேண்டியிருந்தது. 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி சியர்ல், கிறிஸ்தவச் சடங்குப்படி நடக்காத, பலதார மணத்துக்கு இடம் தரும் முறைப்படி நடந்த திருமணங்கள் செல்லாது என்ற பொருளில் தீர்ப்பளித்தார். கணவனிடம் வந்த ஒரு மனைவியை நாட்டுக்குள் விட மறுத்த வழக்கு அது. தமிழ்ப் பெண்கள் திரளாகச் சத்தியாகிரகத்தில் இறங்கியதற்கு அந்தத் தீர்ப்பு ஒரு காரணம், 3 பவுண்டு வரி இன்னொரு காரணம். சிறை சென்று, நோயோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்த வள்ளியம்மையின் பூர்விக ஊர் தில்லையாடி. அக்கா வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். அந்த ஆண்டே வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் வரியையும் நீக்கியது, திருமணங்களையும் ஏற்றது. பள்ளியில் வள்ளியம்மை பெயரை நாங்கள் தியாகிகள் பட்டியலில் மனப்பாடம் செய்தோம். அவள் சிறை சென்றதன் பின்னால் ஒரு மனைவியின் நுழைவு உரிமை இருந்தது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

பிரிட்டனுக்கே திரும்புகிறேன். 1962இல் காமன்வெல்த் குடியேற்றச் சட்டம் வந்தபோது, அங்கே வாழும் ஆணின் மனைவி உள்ளே வரலாம் என்ற உரிமை சட்டத்திலேயே இருந்தது. அங்கே வாழும் பெண்ணின் கணவனுக்கு அந்த உரிமை இல்லை. 1969இல் காமன்வெல்த் கணவர்கள் வருவது ஏறக்குறைய நிறுத்தப்பட்டது. 1974இல் மறுபடி அனுமதித்தார்கள். 1980இல் மீண்டும் இறுக்கினார்கள்: மனைவி அந்த நாட்டில் பிறந்த குடிமகளாகவோ, பெற்றோரில் ஒருவரேனும் அங்கே பிறந்தவராகவோ இருந்தால்தான் கணவன் வரலாம். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்து குடியுரிமை பெற்ற பெண்களை விலக்குவதற்கு இதைவிட நாசூக்கான வாக்கியம் தேவையில்லை. கணவன் வந்தால் வேலை தேடுவான், மனைவி வந்தால் வீட்டில் இருப்பாள் என்பது அரசின் தர்க்கம்.

மனைவிக்கு வழி திறந்திருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1979 ஜனவரியில், மணம் செய்துகொள்வதற்காக இந்தியாவிலிருந்து ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய 35 வயது ஆசிரியை ஒருவரை, அவர் கன்னிதானா என்று மருத்துவரைக் கொண்டு பரிசோதித்தார்கள். மூன்று மாதத்துக்குள் மணம் செய்துகொள்ள வரும் பெண்ணுக்கு முன்கூட்டிய விசா தேவையில்லை. ஏற்கெனவே மனைவியானவளுக்குத் தேவை. இவள் மனைவியாக இருந்துகொண்டு மணப்பெண் என்று பொய் சொல்கிறாளா என்பது சந்தேகம். காகிதத்தில் தீர்க்க வேண்டியதை உடம்பில் தேடினார்கள். 'கார்டியன்' பத்திரிகை பிப்ரவரி 1 அன்று செய்தியை வெளியிட்டது. ஆசியப் பெண்களின் 'ஆவாஸ்' அமைப்பும், ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களின் கூட்டமைப்பான 'ஓவாட்'டும் விமான நிலையத்துக்கே போய்ப் போராடின. சோதனை நிறுத்தப்பட்டது. அது ஒரே ஒரு பெண்ணுக்கு நடந்ததல்ல, துணைக்கண்டத்துப் பெண்கள் குறைந்தது 80 பேருக்கு நடந்திருக்கிறது என்பதை ஆய்வாளர்கள் அரசின் ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்துச் சொன்னது 2011இல்தான்.

கணவரை அழைத்துக்கொள்ள முடியாத மூன்று பெண்கள், அப்துல்அஸீஸ், கபாலெஸ், பல்கந்தலி, ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1985 மே 28 அன்று தீர்ப்பு வந்தது. ஆணுக்கு ஒரு விதி, பெண்ணுக்கு ஒரு விதி என்பது பால் பாகுபாடு என்றது நீதிமன்றம். பெண்கள் வென்றார்கள். அரசு என்ன செய்தது? பெண்ணுக்கு ஆணின் உரிமையைக் கொடுக்கவில்லை. ஆணுக்கு இருந்த சலுகையைப் பறித்து, மனைவியருக்கும் கணவருக்கான அதே சோதனைகளை வைத்தது. சமத்துவம் என்ற பெயரில் இரு பக்கமும் கதவைச் சாத்தியது. முன்பே குடியேறிவிட்ட காமன்வெல்த் ஆண்களின் மனைவியர், பராமரிப்புக்குப் பணம் இருப்பதைக் காட்டத் தேவையில்லை என்றிருந்த பழைய பாதுகாப்பையும் 1988ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துவிட்டது. பணக் கேள்வி எல்லோருக்குமான கேள்வியாக ஆனது இப்படித்தான்.

பிரிட்டனில் வாழ்வதுதான் இந்தத் திருமணத்தின் முதன்மை நோக்கம் அல்ல என்று தம்பதியே நிரூபிக்க வேண்டும் என்ற விதி ஒன்று 80களில் ஆயிரக்கணக்கானோரைப் பிரித்துவைத்தது. 1997 ஜூனில் அது ஒழிந்தது. 15 ஆண்டு கழித்து அந்த இடத்தில் ஓர் எண் வந்து உட்கார்ந்தது. எண் யாரையும் சந்தேகப்படுவதில்லை, யார் உடம்பையும் தொடுவதில்லை. அதனால் அதை நியாயம் என்று நம்புவது எளிது.

ஆனால் எண்ணுக்கும் பால் உண்டு. 2012 ஜூலையில் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 6.08 பவுண்டு. வாரம் 40 மணி நேரம் ஆண்டு முழுக்க உழைத்தாலும் 12,646 பவுண்டுதான் வரும். குறைந்த கூலிக்கும் பகுதி நேரத்துக்கும் வேலை செய்கிறவர்கள் யார்? குழந்தையைப் பள்ளியில் விட்டு, மாமியாருக்கு மருந்து கொடுத்து, இடையில் ஐந்து மணி நேரம் வேலைக்குப் போகிறவர்கள். பிரிட்டிஷ் ஊழியர்களில் பெண்களில் 55 சதவீதம் பேரும் ஆண்களில் 27 சதவீதம் பேரும் 18,600ஐ எட்டவில்லை என்று ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் குடிபெயர்வு ஆய்வகம் 2015ஆம் ஆண்டுக்கான கணக்கில் சொன்னது. 1980இல் பிறப்பிடத்தைச் சொல்லித் தடுக்கப்பட்ட பெண், இப்போது சம்பளச் சீட்டைச் சொல்லித் தடுக்கப்படுகிறாள். நோயாளியைப் பார்த்துக்கொள்வதற்கான உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு இந்த எண்ணிலிருந்து விலக்கு உண்டு. உதவித்தொகை இல்லாமல் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இல்லை.

2017 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இந்த எண்ணைச் சட்டவிரோதம் என்று சொல்ல மறுத்தது. ஆனால் குழந்தைகளின் நலனை விதி போதுமான அளவு கருதவில்லை என்றது. வேறு வழியில் வரக்கூடிய நம்பகமான பணத்தையும் பார்க்க வேண்டும் என்றது. தகப்பனையோ தாயையோ கணினித் திரையில் மட்டுமே பார்த்து வளரும் பிள்ளைகளைக் குறிக்க அதற்குள் 'ஸ்கைப் குடும்பங்கள்' என்று ஒரு பெயரே ஏற்பட்டிருந்தது.

காப்பீட்டின் கதையும் இதேதான். பிரிட்டன் ஒன்றியத்தில் இருந்த காலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து அங்கே வந்தவர்களுக்கு வருமான எண் இருக்கவில்லை. ஆனால் வேலைக்குப் போகாமல் சொந்தப் பணத்தில் வாழ்கிறவர்களிடமும் மாணவர்களிடமும் முழுமையான மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. நாட்டின் இலவச மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். அதற்கு ஈடாகாது என்பது பிரிட்டிஷ் அரசின் நிலை. 2016 வாக்கெடுப்புக்குப் பிறகு, பிரிட்டிஷ் கணவனோடு வாழ்ந்து, பிள்ளை வளர்த்து, வீட்டிலேயே இருந்த ஐரோப்பியப் பெண்கள் நிரந்தர உரிமைக்கு விண்ணப்பித்தபோது, அத்தனை ஆண்டும் நீ காப்பீடு வைத்திருக்கவில்லையே என்று கேட்கப்பட்டார்கள். பிள்ளை வளர்த்த வருடங்கள் சட்டப்படி வாழ்ந்த வருடங்களாகவே கருதப்படவில்லை. வட அயர்லாந்தில் ஐரிஷ் குடியுரிமை உள்ள மகனை வளர்த்த ஒரு பாகிஸ்தானியத் தாயின் வழக்கில், என்.எச்.எஸ்.ஸில் சேர்ந்திருப்பதே காப்பீடுதான் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022 மார்ச்சில். அதற்குள் பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு வெளியேறியிருந்தது.

எங்களைப் போன்ற நாடுகளிலிருந்து போகிறவர்களுக்குக் காப்பீட்டுக்குப் பதில் கூடுதல் கட்டணம். 2015 ஏப்ரலில் ஆண்டுக்கு 200 பவுண்டு என்று தொடங்கினார்கள். 2019இல் 400, 2020இல் 624, 2024 பிப்ரவரியிலிருந்து 1,035. விசாக் காலம் முழுமைக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். வேலைக்குப் போய் வரி கட்டினாலும் இதையும் கட்ட வேண்டும். 3 பவுண்டு வரியை நினைக்காமல் என்னால் இந்தப் பட்டியலை வாசிக்க முடியவில்லை.

என் அக்கா மகள் 2014 நவம்பரில் போனாள். கல்யாணத்துக்கும் பயணத்துக்கும் இடையில் பத்து மாதம் அம்மா வீட்டில் இருந்தாள். "இன்னும் கூப்பிடலியா?" என்று தெருவில் கேட்டார்கள். பணம் முதிர்வதற்காகக் காத்திருக்கிறோம் என்று யாரிடம் சொல்வது? அவள் விசாவில் அரசு உதவி எதுவும் பெறக் கூடாது என்று அச்சாகியிருந்தது. மனைவி தனித்து நிற்கும் உரிமை பெறக் காத்திருக்க வேண்டிய காலம் முன்பு ஓராண்டாக இருந்தது. 2003இல் இரண்டாண்டு, 2012இல் ஐந்தாண்டு ஆனது. அதற்குள் மணம் முறிந்தால் தங்கும் உரிமையும் போகும். அடிபட்டு வெளியேறும் பெண் நாடு கடத்தப்படக் கூடாது என்று சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் போன்ற அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் போராடி 1999இல் ஒரு சலுகை பெற்றன. 2002இல் அது விதியானது. விண்ணப்பம் முடியும் வரை அவள் எங்கே தங்குவாள், எதைச் சாப்பிடுவாள் என்பதற்கு மூன்று மாத உதவி என்ற விடை கிடைக்க 2012 ஆனது.

அவளை யாரும் அடிக்கவில்லை. அதனால் அந்த விதி அவளுக்கு உதவாது. ஆறு மாதத்துக்குத்தான் என்று சொன்ன பணம் வீடு வாங்குவதற்கான முன்தொகையாகி, கணவனும் மாமியாரும் உரிமையாளராக உள்ள வீடாகிவிட்டது. அவள் ஒரு பள்ளிச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். 2017இல் விசாவை நீட்டிக்கும்போது அவள் சம்பளமும் கணக்கில் சேர்ந்தது. அங்கே சம்பாதித்தால் சேரும். இருவர் வருமானமும் எண்ணைத் தாண்டியது. மருத்துவக் கூடுதல் கட்டணம் 500 பவுண்டை அவள்தான் கட்டினாள். "அந்தப் பணத்தில் பாதியாவது அப்பாவுக்கு" என்று ஒருமுறை பேச்செடுத்தபோது, அவளுக்குக் காட்டப்பட்டது என் கடிதம். கடன் அல்ல, அன்பளிப்பு. திருப்பிக் கேட்க மாட்டார்.

நம் நாட்டில் வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலிருந்து இருக்கிறது. வரதட்சணையாகக் கொடுத்தது பெண்ணைச் சேர வேண்டும் என்றும் அதில் உண்டு. ஆனால் இது வரதட்சணை என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. விசாவுக்கான ஆதாரம். ஓர் அரசு கேட்டது, ஒரு குடும்பம் கொடுத்தது, பெண்ணின் பெயர் நடுவில் எங்கும் வரவில்லை.

வந்திருக்கலாம் என்பதுதான் என்னை உறுத்துவது. அந்த விதியை நான் முழுதாக வாசித்தேன். சேமிப்பு கணவன் பெயரில் இருக்கலாம், மனைவி பெயரில் இருக்கலாம், கூட்டாகவும் இருக்கலாம். அவளுடைய நாட்டு வங்கியிலேயே இருக்கலாம். கும்பகோணத்தில் அவள் பெயரிலுள்ள கணக்கில் அந்த 21 லட்சத்தைப் போட்டுவிட்டு ஆறு மாதம் காத்திருந்தாலும் இதே விசா கிடைத்திருக்கும். "அங்கேயே அவர் கணக்குல இருந்தா சிக்கல் இல்ல" என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். பெண்ணின் சொத்துரிமை பற்றி வகுப்பில் ஒரு பருவம் முழுக்கப் பேசுகிறவள், சம்பந்தி வீட்டுத் திண்ணையில் அந்த வரியை வாய்விட்டுச் சொல்லவில்லை.

இப்போது அந்த எண் மாறிவிட்டது. 2024 ஏப்ரல் 11 முதல் 29,000. அதே மாதம் உயர்ந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.44, ஆண்டு முழுக்க உழைத்தால் 23,795. சேமிப்பை மட்டும் காட்டுவதானால் 88,500 பவுண்டு வேண்டும். நம் பணத்தில் 90 லட்சத்துக்கு மேல். அந்த ஆண்டு என் பழைய மாணவி ஒருத்தி தன் திருமண விசாக் கணக்கோடு வந்தாள். அப்பா கொடுக்கும் தொகைக்குக் கடிதம் வேண்டும் என்றாள். எழுதிக் கொடுத்தேன். "என் மகளுக்கு" என்று எழுதினேன். வங்கியின் பெயர், கணக்கு எண், கணக்கு யார் பெயரில் என்பதையும் எழுதினேன்.

அன்றிரவு அக்கா மகளோடு பேசினேன். 2019இல் அவளுக்கு நிரந்தர உரிமை கிடைத்துவிட்டது. இப்போது பள்ளி அலுவலகத்தில் வேலை, தனியாக ஒரு வங்கிக் கணக்கு. பத்து வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். உன் பெயரிலேயே போட்டிருக்கலாம், விதியில் இருந்தது, நான் பார்த்தேன், சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"தெரியும் சித்தி. நானும்தான் அதைப் படிச்சேன். கல்யாணமான மறுவாரம், பணத்தை என் பேர்ல போடுங்கன்னு நான் யார்கிட்ட சொல்லியிருக்க முடியும்? நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன்."